ஒம்பது சக்கரத்துக்கு மூணு குதிரை

உன்ற ஊட்ல மொத்தம் எத்தனை சக்கரம் இருக்குது கண்ணு?

முழிக்காதே. வெரல் உட்டு எண்ணு. காருக்கு நாலு. டிக்கிக்குள்ள ஸ்டெப்னி ஒண்ணு. ஸ்கூட்டருக்கு ரெண்டு. உன்ற பையன் சைக்கிளுக்கு நாலுங்கறயா? அதுல சின்னது ரெண்டும் பிளாஸ்டிக்கு சாமி. அதுக்குக் காத்தடிக்க உக்காந்தீன்னா ஆயுசுக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கலாம். ரெண்டைக் கழிச்சிரு. ஆக மொத்தம் ஒம்பது.

இந்த ஒம்பது சக்கரத்துக்குத்தான் நீ 3 ஹெச்.பி. மோட்டாரும் 160 லிட்டர் டேங்கும் வெச்ச கம்ப்ரஸரைப் பாத்து வெச்சிருக்கறே. எங்க, போட்டோவைக் காட்டு. அட, இதுக்கே அடியில சக்கரம் ரெண்டு இருக்குது! அப்பப் பதினொண்ணு. கணக்கு ஏறிருச்சு, வாங்கிப் போட்டுர வேண்டியதுதான்.

நான் பல்லடம் ரோட்டுல 38 வருசம் பஞ்சர் கடை வெச்சுப் பொழைச்சவன். ஊருக்கே காத்து வித்திருக்கறேன். அதாட்டம் ஏவாரம் உண்டா? அழுகாத சரக்கு, குடோன் வேண்டாத சரக்கு. கடன் சொன்னவன் வண்டியில வால்வைத் தொட்டாப் போதும், சரக்கு திரும்பி வந்துரும். அதனால காத்தைப் பத்தி நாலு வார்த்தை பேச எனக்குப் பாத்தியதை உண்டு. நீ பெங்களூர்ல கம்ப்யூட்டர்ல என்ன வேணா தட்டு. இந்தச் சோலியில நான் பெரியவன்.

இந்த எடம் எங்கப்பன் காலத்துல கட்டுத்தரை. ஒரு சோடி காங்கேயம் காளையும் ரெண்டு எருமையும் நின்னுச்சு. அப்பறம் உன்ற அப்பாரோட மொபெட் நின்னுச்சு. இப்ப நீ டைல்ஸ் ஒட்டி, ஷட்டர் போட்டு, ஸ்பேனரையெல்லாம் சாமி படமாட்டம் வரிசையா சுவத்துல மாட்டி, கராஜுங்கறே. நல்லாத்தான் இருக்குது. மழை பேஞ்சா மட்டும் சாணி வாசம் இன்னும் வருது, கவனிச்சியா?

நேத்து ராத்திரி பன்னண்டு மணிக்கும் உன்ற ரூம்ல வெளக்கு எரிஞ்சுது. என்ன கண்ணுன்னு உன்ற ஊட்டுக்கார அம்மணியைக் கேட்டேன். "கம்ப்ரஸர் வீடியோ பாக்கறாருங்க அப்பாரு"ன்னுச்சு. நானும் இன்னைக்குக் காத்தால உக்காந்து ஒண்ணு பாத்தேன். அமெரிக்காக்காரன் ஒருத்தன் பேசறான். அவன் கராஜு நம்மூர்க் கல்யாண மண்டபத்தாட்டம் இருக்குது. மூணு கார் நிக்குது, ஒண்ணு அந்தரத்துல தொங்குது. அவனுக்கு அந்தப் பெரிய கம்ப்ரஸர் வேணும், நாயம். உனக்கு? உன்ற காரு உள்ள வந்தா நீ வெளிய போகோணும். ரெண்டு பேரும் ஒட்டுக்கா நிக்க எடமில்லை. அதுல இந்த மூணு குதிரையை எங்க கட்டுவே?

சரி, கேக்கறதைக் கேட்டுருவோம். என்ன சோலிக்கு வாங்கறே?

டயருக்குக் காத்து. ஏ.சி. ஃபில்டர்ல தூசி ஊத. அப்பறம்? "என்னைக்காவது காருக்கு நானே பெயிண்ட் அடிக்கலாம்னு அப்பாரு." ஆங், அங்கதான் மாட்டுனே. இந்த 'என்னைக்காவது' இருக்குது பாரு, அதை நம்பித்தான் பாதிக் கடைக்காரன் பொழப்பு ஓடுது. என்னைக்காவது ஓடலாம்னு வாங்குன மெசின் மேல உன்ற ஊட்ல துண்டு காயுது. என்னைக்காவது ஒரம்பரை வந்தா ஆகும்னு உன்ற அம்மா வாங்குன அம்பது பேர் சோறாக்குற அண்டா பரண்ல எலி குடும்பத்தோட இருக்குது. கம்ப்ரஸரும் அந்த வரிசையில சேரோணுமா?

காத்துக்கு ஒரு கணக்கு இருக்குது கண்ணு. கடையில சி.எஃப்.எம்., பாரு, பி.எஸ்.ஐ.ன்னு பயமுறுத்துவான். நீ பயப்படாதே. நம்ம தண்ணி சொமக்குற குடத்தையே வெச்சு அளக்கலாம். குடம் ஒண்ணு 15 லிட்டர்னு வெச்சுக்க.

உன்ற காரு டயரு உள்ளார ரெண்டு குடம் கொள்ளளவு. மாசம் ஒருக்கா பாத்தீன்னா 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டியது 28, 29-னு எறங்கி நிக்கும். அதை ஏத்த எவ்வளவு காத்து வேணும்? பத்து லிட்டர். முக்காக் குடம் கூட இல்லை. நாலு டயருக்கும் சேத்து மூணு குடத்துக்குள்ள முடிஞ்சுது சோலி. டயரு சுத்தமா தட்டையாப் படுத்துட்டாக்கூட, தூக்கி நிறுத்த அஞ்சு குடம். உன்ற பையன் சைக்கிளுக்கு அரைக்குடம்.

இப்ப டேங்குக்கு வா. 24 லிட்டர் டேங்குங்கறது பாக்க ஒண்ணரைக் குடம். ஆனா அதுல 8 பாருக்கு அமுக்கி வெச்சா, வெளியே உட்டா 192 லிட்டர் காத்து. கிட்டத்தட்ட 13 குடம். அதுல பாதியை, பாரு நாலுக்கு எறங்குற வரைக்கும் தாராளமா எடுக்கலாம். ஆறு குடம். நாலு டயருக்கு மூணு குடம்தானே? மோட்டாரு மறுக்கா எந்திரிக்காமயே நாலும் முடிஞ்சுரும். ஆக இருக்குறதுலயே பொடிசு உனக்குப் போதும். நீ பாத்து வெச்ச 160 லிட்டர்ல எட்டுப் பாருக்கு 85 குடம் அமுக்கோணும். எதுக்கு? சைக்கிளுக்கு அரைக்குடம் எடுக்க. மிச்சக் காத்து ராத்திரியெல்லாம் எங்கியோ ஒரு மூட்டுல சுர்ர்ருன்னு கசிஞ்சு, காத்தால பாத்தா கேஜு முள்ளு படுத்திருக்கும். மறுக்கா 85 குடம். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள உட்டவன் கதை இதுதான்.

அப்பறம் இந்தக் குதிரை. அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லோணும்.

ஜேம்ஸ் வாட்டுன்னு ஒருத்தன் அந்தக் காலத்துல நீராவி எஞ்சினை விக்கறதுக்காகக் குதிரையோட ஒப்புக் காட்டுனான். 1 ஹெச்.பி.ன்னா 746 வாட். அவன் நம்ம பக்கம் பொறந்திருந்தா காளைச் சக்தின்னு வெச்சிருப்பான். எங்கப்பன் கெணத்துல கவலை ஓட்டுன சோடிக்கு என்ன கொறைச்சல்? போகட்டும். பிரச்சினை வாட்டுக்கிட்ட இல்லை, ஸ்டிக்கர் ஒட்டுறவன்கிட்ட இருக்குது. சிலதுல 'பீக் ஹெச்.பி.'ன்னு பெருசா எழுதியிருப்பான். மோட்டாரு எந்திரிக்குற அந்த ஒரு நொடி முக்கு முக்குதே, அந்தச் சக்தி அது. நான் கூட பஸ்ஸு கெளம்பிருச்சுன்னா பத்தடி ஓடுவேன். அதைப் பாத்துட்டு இந்தக் கெழவன் திருப்பூர் வரைக்கும் இப்படியே ஓடுவான்னு எழுதி ஒட்டலாமா? மோட்டாரு மேல சின்னதா ஒரு தகடு அடிச்சிருப்பான். அதுல கிலோவாட் போட்டிருக்கும். 0.75 இருந்தா ஒரு குதிரை. 1.5 இருந்தா ரெண்டு. ஸ்டிக்கரைப் பாக்காதே, தகட்டைப் பாரு.

அதை உட இன்னொரு தில்லுமுல்லு இருக்குது. மோட்டாரு எத்தனை குதிரையா இருந்தா என்ன, காத்து எவ்வளவு வருது? அதுக்குத்தான் சி.எஃப்.எம். நிமிசத்துக்கு எத்தனை கன அடி. ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். கிட்டத்தட்ட ரெண்டு குடம். 1 ஹெச்.பி. கம்ப்ரஸர்ல '4 சி.எஃப்.எம்.'னு போட்டிருப்பான். நிமிசத்துக்கு ஏழரைக் குடம். கேக்க நல்லாருக்குதல்ல? ஆனா அது எந்தக் கணக்கு? பிஸ்டன் மேலயும் கீழயும் போற எடத்தை அளந்து, சுத்தோட பெருக்குன கணக்கு. பால்காரன் மாட்டோட மடியைப் பாத்துட்டு லிட்டர் சொல்றாப்புல. போசியில வந்து விழுகறது எவ்வளவுன்னுதானே நாம பாக்கோணும்? வால்வுல கொஞ்சம் திரும்பிப் போகும். சூட்டுல காத்து ஊதி, புதுக் காத்துக்கு எடம் கொறையும். நாலுல ஒண்ணு, மூணுல ஒண்ணு வழியிலேயே போயிரும். நெசமா வெளிய வர்ற காத்துக்கு எஃப்.ஏ.டி.ன்னு பேரு. கடைக்காரனைக் கேளு: "ஏனுங்க, இதுக்கு எஃப்.ஏ.டி. எவ்வளவுங்க?" அவன் தலையைச் சொறிஞ்சா, அடுத்த கடைக்கு நடையைக் கட்டு. பைக்காரா கரண்டு வந்த நாள்லருந்து மோட்டாரோட பொழங்குற ஊரு இது. ஜி.டி. நாயுடு 1937-ல மோட்டாரு செஞ்ச ஊரு. 1960-லயே எல்ஜி கம்ப்ரஸர் கம்பெனி ஆரம்பிச்ச ஊரு. கம்ப்ரஸர் வாங்கறதுக்குக் கோயமுத்தூர்க்காரன் அமெரிக்கா வீடியோ பாக்கறான்னு வெளிய சொல்லிராதே, மானம் போயிரும்.

டேங்கு பெருசா இருந்தாக் காத்து எச்சா வருமா? இந்த நெனைப்பு நெம்பப் பேருக்கு இருக்குது. மேல்தொட்டியைப் பெருசாக் கட்டுனாப் போர்வெல்லுல தண்ணி ஊறுமா கண்ணு? டேங்கு சேத்து வெக்கும், அவ்வளவுதான். செய்யறது பம்பு. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?

இப்ப உன்ற பெயிண்டுக்கு வரேன். மூஞ்சியைத் தொங்கப் போடாதே. ஸ்ப்ரே கன்னு இருக்குதே, அது கும்பகர்ணன். நிமிசத்துக்கு 10 சி.எஃப்.எம். குடிக்கும். குடத்துல சொன்னா 19 குடம். நீ 1 ஹெச்.பி. வாங்கி 50 லிட்டர் டேங்கு வெச்சேன்னு வை. எட்டுல இருந்து நாலு பாரு எறங்குறதுக்குள்ள டேங்குல எடுக்கக் கெடைக்கறது 13 குடம். பம்பு கொடுக்கறது நிமிசத்துக்கு மிஞ்சிப்போனா ஆறு. போறது 19. ஒரு நிமிசம். அதுக்குள்ள காத்து மெலிஞ்சு, பெயிண்டு தூறலாட்டம் விழாம துப்பலாட்டம் விழும். பானெட்டுல பாதி முடியும்போது நீ கன்னைக் கையில புடிச்சுக்கிட்டுக் கேஜு முள்ளைப் பாத்து நிக்கோணும். அந்தச் சோலிக்கு உன்ற மூணு குதிரை நாயந்தான், இல்லைங்கல. ஆனா நீ வருசத்துக்கு எத்தனை காருக்குப் பெயிண்டு அடிப்பே? இருக்குறதே ஒண்ணு. அதுவும் பேங்க்காரன் கொடுத்தது. அப்பறம் அந்த ரெண்டு டப்பா கலக்குற பி.யூ. பெயிண்டு நெஞ்சுக்கு ஆகாது. துணி கட்டிக்கிட்டா நிக்காது. அதுக்குன்னு தனியாக் காத்து வர்ற மாஸ்க்கு வேணும். பையன் சைக்கிள் ஓட்டுற எடத்துல அதையா அடிப்பே? பெயிண்டர்கிட்ட உடு. அவனும் பொழைக்கோணும்.

போல்ட்டுக் கழட்டுற ஏர் கன்னு வேணுமா? டர்ர்ருன்னு சத்தம் வரும், ரேஸ்காரனாட்டம் இருக்கும். உன்ற காருக்கு ஒரு சக்கரத்துக்கு நாலு நட்டு. வருசத்துக்கு ஒருக்காக் கழட்டுவியா? அதுவும் சந்தேகம். டிக்கிக்குள்ள ஒரு எல்லு ஸ்பேனரு உறையைப் பிரிக்காமப் படுத்திருக்குது. அதுமேல ஏறி நின்னு ஒரு மிதி மிதிச்சா எந்த நட்டும் பேசும். ஏர் கன்னுல முறுக்குனா எவ்வளவு முறுக்குச்சுன்னே தெரியாது. நடுரோட்டுல பஞ்சர் ஆகி நீ கழட்டப் பாக்கும்போதுதான் தெரியும்.

எண்ணெய் இல்லாத கம்ப்ரஸர் நல்லதா, எண்ணெய் ஊத்துறது நல்லதான்னு வேற வெசனப்பட்டே. பல் டாக்டரு வெச்சிருக்கறது எண்ணெய் இல்லாதது. நம்ம வாய்க்குள்ள அடிக்கற காத்துல எண்ணெய் வரக் கூடாதில்ல? உன்ற டயருக்கு வாய் இல்லை. ரெண்டும் ஆகும். ஆனா மோட்டாரோட நேரடியா மாட்டுன மலிவு சரக்கு நிமிசத்துக்கு 2,800 சுத்து சுத்தும். ஒரு மில்லே ஊட்டுக்குள்ள வந்தாப்புல கத்தும். மத்தியானம் போட்டீன்னா பக்கத்துல தூங்குற கெழவனுக்கு ஆகாது. பெல்ட்டு போட்டது புல்லியில எறங்கி ஆயிரத்துக்குள்ள சுத்தும். டொக்கு டொக்குன்னு ஒரு தாளமா ஓடும், அதோட சத்தத்துல நான் தூங்கியே இருக்கறேன். இப்ப 1,400 சுத்துல ஓடுற எண்ணெய் இல்லாததும் வருது, சத்தம் கம்மி. எது வாங்குனாலும் கடையில ஓட்டிக் காட்டச் சொல்லிக் காதுல கேட்டுட்டு வாங்கு. மாடு வாங்கறவன் பல்லைப் பாக்காம வாங்குவானா?

கரண்டு. 1 ஹெச்.பி. ஆறேழு ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக்குல போட்டா ஒரு வில்லங்கமும் இல்லை. ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட்டு சொச்சம். உன்ற மூணு குதிரை ஓடும்போதே 15-ஐத் தொடும். எந்திரிக்கும்போது அதுல அஞ்சாறு மடங்கு கேக்கும். அம்மணி உள்ளார மிக்ஸி போட்டுக்கிட்டிருந்தா ஊட்ல வெளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டும், அப்பறம் அம்மணி ஒரு பார்வை பாக்கும். எது பெரிய ஷாக்குன்னு உனக்கே தெரியும். தோட்டத்து மோட்டாருக்கு வர்ற சும்மா கரண்டுல மாட்டிக்கலாமான்னு கண்ணடிக்காதே. அது வெள்ளாமைக்குக் கொடுத்தது. புடிச்சா உன்ற அப்பன் பேரு கெடும்.

அப்பறம் ஒண்ணு, காதுல நல்லா வாங்கிக்க. பிளக்கு எட்டலைன்னு எக்ஸ்டென்சன் பெட்டியை நீட்டாதே. மெல்லிசு ஒயர்ல நீளமா இழுத்தா வோல்டேஜ் படுத்துரும். மோட்டாரு எந்திரிக்க மாட்டாம உம்ம்ம்னு மொனகும். அப்படி மொனகியே காயில் கருகுன மோட்டாரை நான் எத்தனை பாத்திருக்கறேன் தெரியுமா? கம்ப்ரஸரைப் பிளக்குக்கிட்டயே வெச்சிரு. ஓஸை நீளமா வாங்கு. ஒயர் நீண்டா நட்டம். ஓஸ் நீண்டா ஒண்ணும் குடி முழுகாது. 10 மீட்டர் வாங்கு. இதை மறந்துராதே.

இன்னொரு சங்கதி சொல்றேன். இது என்ற தலையில விழுந்த கதை.

கடை வெச்சு ஏழெட்டு வருசம் இருக்கும். பக்கத்துல டிங்கரிங் பாக்கறவன் ஒருத்தன், அம்பாசிடர் ஒண்ணுக்கு வெள்ளைப் பெயிண்டு அடிக்கோணும், அவன் கம்ப்ரஸர் படுத்துருச்சு, என்ற காத்தைக் கொடுங்கண்ணான்னு வந்தான். ஐப்பசி மாசம், மூணு நாளா அடை மழை உட்டு அன்னைக்குத்தான் வெயிலு. அது கல்யாண வண்டி, மறு நாளு மாப்பிள்ளை அழைப்பு. சரின்னு ஓஸை நீட்டுனேன். பானெட்டுக்கு அவன் ரெண்டு கை இழுத்தான். மூணாவது இழுப்புல கன்னு ஒரு தும்மல் தும்முச்சு பாரு! பானெட்டு முழுக்க அம்மை போட்டாப்புல பொட்டுப் பொட்டாக் குழி. அதுல பாதிப் பொட்டு காவி நெறம். துரு.

அவன் ஒண்ணும் பேசலை. டேங்குக்கு அடியில குனிஞ்சு, நான் ஒரு நாளும் தொடாத அந்தச் சின்னத் திருகைத் திருப்புனான். செகப்பாத் தண்ணி பீச்சி அடிச்சுது. ஒரு போசி நெறைஞ்சு, அடுத்த போசியும் வெச்சோம். என்ற காத்துக்குள்ள ஒரு குளமே இருந்திருக்குது, எனக்குத் தெரியலை.

அது எங்கிருந்து வந்துச்சு? மழை டேங்குக்குள்ளயா பேஞ்சுது? காத்துலயே தண்ணி இருக்குது கண்ணு. ஒம்பது மடங்கு அமுக்குனா, ஈரத்துணியைப் புழிஞ்சாப்புல அது வெளிய வரும். மழைக்காலத்துல ஆயிரம் லிட்டர் காத்தை அமுக்குனா ஒரு கரண்டித் தண்ணி அடியில நிக்கும். தெனமும் சோலி முடிஞ்சதும் அடித் திருகைத் தொறந்து உட்டிருந்தா ஒண்ணுமில்லை. நான் உடலை. அம்பாசிடர் பானெட்டை மறுக்காத் தேச்சு, ராத்திரியோட ராத்திரியா அடிச்சுக் கொடுத்தோம். கூலி, பெயிண்டு எல்லாம் என்ற கைக்காசு. அந்த வாரம் முச்சூடும் வித்த காத்து அதுலயே போச்சு. மாப்பிள்ளை அந்த வண்டியிலதான் வந்து எறங்குனாரு. பானெட்டு மேல கட்டுன பூமாலையை நானே சித்தெ அகலமாக் கட்டச் சொல்லியிருந்தேன்.

பெயிண்டு போனாப் போகுது. அந்தத் தண்ணி டேங்கை உள்ளாரயே தின்னும். வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள தகடு அப்பளமாட்டம் ஆயிருக்கும். எட்டுப் பாரு அழுத்தம் அந்த அப்பளத்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது. அது புட்டுக்கிச்சுன்னா பக்கத்துல நிக்கறவன் கதை அவ்வளவுதான். அதனால காயலாங்கடையில டேங்கு சல்லிசாக் கெடைக்குது, பத்த வெச்சு ஒட்டிக்கலாம்னு உன்ற சினேகிதன் எவனாவது யோசனை சொன்னா, அவனை நம்ம ஊட்டுப் பக்கம் உடாதே. பழசு வாங்கித்தான் ஆகோணும்னா டேங்குல தண்ணியை ரொப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிச்ச பின்னாடி வாங்கு. தண்ணி புட்டுக்கிட்டா ஒழுகும், காத்து புட்டுக்கிட்டா வெடிக்கும். சேஃப்டி வால்வுல ஒரு வளையம் தொங்கும். அப்பப்ப இழுத்துப் பாரு. புஸ்ஸுன்னா உசுரோட இருக்குது. தண்ணிக்குப் போடற பி.வி.சி. பைப்பைக் காத்துக்குப் போடாதே, சில்லு சில்லாத் தெறிக்கும். சட்டையில தூசின்னு மேல அடிச்சுக்காதே, பையனையும் அடிக்க உடாதே. தோலுக்குள்ள காத்து பூந்தா டாக்டருக்கே வேர்க்கும்.

"அப்ப என்னதான் வாங்கட்டும் அப்பாரு?"

கேட்டியே, இதை மொதல்ல கேட்டிருக்கலாம். பங்க்குல காத்து சும்மா கொடுக்கறான், அது உனக்கும் தெரியும். அங்க போய் வரிசையில நிக்கக் கூச்சமாக்கும். ஆனா உன்ற பக்கமும் ஒரு நாயம் இருக்குது. அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டுப் போனா டயரு சூடாயிரும், கேஜு மூணு பி.எஸ்.ஐ. எச்சாக் காட்டும். காத்தால டயரு ஆறியிருக்கும்போது ஊட்லயே பாத்து அடிச்சா அளவு சரியா நிக்கும். அதுக்குக் காரு சாக்கெட்டுல சொருகுற 12 வோல்ட் பம்பே போதும், முழங்கை அளவுதான் இருக்கும். அதுலயும் பெட்டி மேல 150 பி.எஸ்.ஐ.ன்னு எழுதியிருப்பான். உனக்கு வேண்டியது 33. எழுதுனவன் எழுதிட்டுப் போறான். பத்து நிமிசம் ஓட்டுனா சித்தெ ஆற உடு, அவ்வளவுதான் அதுக்கு மருவாதை.

1888-ல பெல்பாஸ்ட்டுல டன்லப்புன்னு ஒரு மாட்டு டாக்டரு, மகனோட மூணு சக்கர வண்டி குலுங்குதேன்னு ரப்பர் குழாயை மாட்டிக் காத்தடிச்சாரு. உலகத்துக்கே டயரு வந்துச்சு. அவருக்கிட்ட என்ன மூணு ஹெச்.பி.யா இருந்துச்சு? கைப்பம்புதான்.

இல்லை, தூசி ஊதோணும், சுவத்துல மாட்டுன ஸ்பேனருக்கு ஒரு தொணை வேணும், பாக்கறவன் பாக்கோணும்னு ஆசை அடங்கலைன்னா, 1 ஹெச்.பி., பெல்ட்டு போட்டது, 50 லிட்டர் டேங்கு. அதுக்கு மேல ஒரு பைசா போடாதே. மோட்டாரு நிக்கும்போது புஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு உடுதான்னு பாரு. உடலைன்னா மறுக்கா எந்திரிக்கும்போது பிஸ்டன் தலைமேல அழுத்தத்தைச் சொமந்துக்கிட்டே எந்திரிக்கோணும், கெப்பாசிட்டர் போயிரும். எண்ணெய்க் கண்ணாடியில பாதிக்கு இருக்குதான்னு பாரு. காருக்கு ஊத்தி மிஞ்சுன எஞ்சின் ஆயிலை இதுல ஊத்திராதே, கம்ப்ரஸர் எண்ணெய்னே தனியா விக்குது. அடித் திருகு கைக்கு எட்டுதான்னு குனிஞ்சு பாரு. உன்ற தொப்பைக்கு அது ஒரு தேகப்பயிற்சியும் ஆச்சு.

போய்ட்டு வா. மழை வர்றாப்புல இருக்குது.

ஓஸு மட்டும் பத்து மீட்டருக்குக் கொறையாம வாங்கிட்டு வா கண்ணு. உன்ற ஷட்டர்கிட்ட இருந்து, அந்தா, என்ற மொபெட்டு நிக்குதே வேப்பமரத்தடி, அது வரைக்கும் காத்தால அடி வெச்சு அளந்து பாத்துட்டேன். முப்பத்தோரு அடி. எட்டும்.